ஒரு சாண் கீழே வெளிச்சம்

பறவையைப் பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்கிற ஆளை ஐயாவு அண்ணன் முகத்தை வைத்தே பிடித்துவிடுவார். நிஜமாகப் பார்த்தவனுக்கு வாய் லேசாகத் திறக்கும், மூச்சு ஒரு நொடி நிற்கும். பார்க்காதவன் உடனே தலையாட்டுவான். "பாத்தேன் பாத்தேன்னு ரெண்டு தடவ சொன்னான்னா அவன் பாக்கலேன்னு அர்த்தம்" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் சொந்தப் பெண்டாட்டி ஒரு வருஷமாகச் சொல்லிவந்த பொய் தெரியவில்லை. அதற்கு நானும் உடந்தை. இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், அந்தத் தகுதிதான்.

என் பெயர் லெட்சுமி. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போகிற ரோட்டில் ஏழாங்கட்டைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்த தோட்டம். லயத்தில் எனக்கும் காளியம்மா அக்காவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அவர்கள் வீட்டு ரகசியம் எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் நான் செவிடாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் காதும் நல்லது, வாயும் கொஞ்சம் நீளம்.

ஐயாவு அண்ணன் இருபது வருஷம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டியவர். நீளமான கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார். முப்பது அடி உயரத்தில், மட்டைகளுக்கு நடுவில், எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்லிவிடுவார். எண்பத்தாறாம் வருஷக் கடைசியில் ஒரு குலை குறி தவறி அவர் தோளில் விழுந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் கழியைத் தூக்கும் தெம்பு கைக்குத் திரும்பவில்லை. ஆறேழு மாதம் லயத்து வாசலில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் சண்டை, பேசாவிட்டால் அதைவிட மோசம். காளியம்மா அக்கா தட்டை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துபோவார்.

அந்தச் சமயத்தில்தான் கோல சிலாங்கூரில், மலையடிவாரத்துக்கு அப்பால் இருந்த சேற்றுக் காட்டைப் பறவை பார்க்கும் இடமாக ஆக்கினார்கள். பாதை வெட்ட, பலகை போட ஆள் தேவைப்பட்டது. அண்ணன் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டார். ஒரு மாதத்தில் பாதை வெட்டுகிறவர் பறவை காட்டுகிறவராக ஆகிவிட்டார். கோலாலம்பூரிலிருந்து கழுத்தில் தூரநோக்கி மாட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காத பறவையை இவர் தலையைத் தூக்கியதுமே கண்டுவிடுவார். இருபது வருஷம் அண்ணாந்த கழுத்தல்லவா அது.

கண்டுபிடிப்பது சுலபம், காட்டுவதுதான் கஷ்டம். அந்தக் காட்டில் எல்லா மரமும் ஒன்றுபோலவே இருக்கும். வந்தவர்கள் 'ரெண்டு மணி', 'பத்து மணி' என்று கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்வார்கள். அண்ணனோ சூரியனைப் பார்த்து, மணி இன்னும் எட்டுகூட ஆகவில்லையே என்று குழம்புவார். சரி, விரலை நீட்டிக் காட்டலாமே என்றால், அதற்கும் மனசு வராது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடியில் பிஞ்சு விட்டிருந்தால் விரலை நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் வெம்பிப் போகும். சுரைக்காய்க்கும் பூசணிக்கும் உள்ளது பறவைக்கு இல்லாமல் போகுமா? அதுவும் கூட்டில் குஞ்சோடு இருக்கிற பறவைக்கு? அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயை மட்டும் நீட்டி "அங்க, அங்க" என்பார். யாருக்கு விளங்கும்?

அப்புறம்தான் சவரக் கண்ணாடி வந்தது. உள்ளங்கை அகலம், வட்டம், தகர விளிம்பு. வெயிலை அதில் வாங்கி மரத்தின் மேல் அடித்தால் ஒரு வெளிச்சப் பொட்டு போய் உட்காரும். பொட்டைப் பார், பொட்டுக்கு மேலே பறவை. அவ்வளவுதான் வித்தை. அதில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பறவை மேல் வெளிச்சம் படவே கூடாது. ஒரு சாண் கீழே, அது உட்கார்ந்திருக்கிற கிளையில்தான் படவேண்டும். கை ஆடக் கூடாது. ஆடினால் பறவை பறந்துவிடும். "மரக்கட்ட மாதிரி நிக்கும் என் கை" என்று பெருமையடித்துக்கொள்வார்.

முதன்முதலில் அதைப் பழகியது எங்கள் லயத்து வாசலில்தான். தண்ணீர்த் தொட்டி மேல் அடித்தார், கோழி மேல் அடித்தார், என் கொடியில் காய்ந்த புடவை மேல் அடித்தார். கடைசியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த காளியம்மா அக்காவின் முகத்திலேயே அடித்தார். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு திட்டினார். கிழவனுக்குக் குசும்பைப் பார் என்று நானும் சேர்ந்துகொண்டேன். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். தோளில் குலை விழுந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். காளியம்மா அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன்.

தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெயராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், இருக்க வேண்டும். அண்ணன் பெயரை வெட்டியாயிற்று. ஒரே மகள் கங்கா கட்டிக்கொண்டு சுங்கை சோவுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது காளியம்மா என்கிற ஒரு பெயர்தான். நானும் அவரும் மருந்து அடிக்கிற கும்பலில் இருந்தோம். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வரிசையாக, செம்பனை அடிமரத்தைச் சுற்றியிருக்கிற புல்லுக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும்.

ஒருநாள் நான் அடித்து முடித்த வரிசையிலேயே அக்கா மறுபடியும் அடித்துக்கொண்டு வந்தார். புல்லெல்லாம் நனைந்து சொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் குரல் வந்த பக்கம் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தியே புகை மாதிரி ஆரம்பித்தது, வெயில் ஏறினால் இன்னும் மோசம், வெள்ளை வேட்டியை முகத்தில் போர்த்தியது போல ஆகிவிடுகிறது என்றார். வீட்டில் எல்லாம் கைப்பழக்கம். உப்பு டப்பா எங்கே, வறக்கோப்பிக் கோப்பை எங்கே என்று விரலுக்கே தெரியும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் காட்டலாம் என்றேன். அவ்வளவுதான், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியலன்னு டிரஸ்ஸர் சீட்டு எழுதுனா ஆபீஸ் கிராணி பேர வெட்டிடுவாரு புள்ள. வீடு போயிரும். வீடு போனா அந்த மனுஷன் பறவையையும் விட்டுட்டு, எந்தத் தோட்டத்துல வீடு குடுப்பான்னு கழியைத் தூக்கிக்கிட்டு அலைவாரு. அந்தத் தோள வச்சுக்கிட்டு. இப்பத்தான் சிரிக்கிறாரு. நீ வாயத் தெறக்கக் கூடாது."

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூடிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவருக்கு இரண்டடி முன்னால் நான் நடந்தேன். பள்ளம் வந்தால் இருமுவேன். வாய்க்கால் வந்தால் பம்பைத் தட்டுவேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் நல்லசாமி வந்து, இந்த வரிசையை விட்டது யார் என்று கத்தினால், நான்தான் மண்டோர், தூக்கக் கலக்கம் என்பேன். உன் புருஷன் உன்னைத் தூங்கவே விடமாட்டானா என்பார். கும்பல் சிரிக்கும். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அக்கா அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். இப்படியே பத்து மாதம் ஓடியது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். பத்து மாதம் முன்னாலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பறவைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரெல்லாம் என் கையால் பறவை பார்க்கிறது, பெண்டாட்டி பார்க்கவில்லை என்று குறை. காளியம்மா அக்கா என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அக்கா என் புடவை முந்தானையைப் பிடித்தபடியே வந்தார்.

அங்கே டாக்டர் ஓங் என்று ஒரு சீனர் பத்துப் பேரோடு வந்திருந்தார். யுனிவர்சிட்டியில் பாடம் நடத்துகிறவர். அவர் கையில் டார்ச் லைட் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழாய், அதிலிருந்து ஒரு ஒயர் இடுப்புப் பைக்குள் போனது. லேசர் என்றார்கள். வகுப்பில் திரையைச் சுட்டிக்காட்டுகிற சாமானாம். அதைப் பறவைக்குப் பிடித்துப் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். பட்டனை அழுத்தினால் சிவப்பாக ஒரு புள்ளி போய் விழும்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. பாவம், தன் கண்ணாடிக்குப் போட்டி வந்துவிட்டது என்று பயம். ஆனால் வெயில் வந்ததும் லேசரின் சாயம் வெளுத்தது. பட்டப்பகலில், வெளிச்சம் பட்ட இலையில் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கிற இடமே தெரியவில்லை. அண்ணன் கண்ணாடியை எடுத்தார். சேற்றில் குதித்துக்கொண்டிருந்த அட்டைக் குருவியைக் காட்டினார். முதுகு பச்சை, வயிறு சிவப்பு, இறக்கையில் நீலம். மலாய்க்காரர்கள் அதற்கு அட்டையின் பெயரை வைத்திருந்ததால் அவருக்கும் அது அட்டைக் குருவி. அதைத் தேடி மூன்று தடவை வந்து ஏமாந்தவராம் டாக்டர் ஓங். அவருக்கு வாய் திறந்தது, மூச்சு நின்றது. நானே பார்த்தேன். பிறகு அண்ணன் தோளைத் தட்டி, உங்கள் லேசர்தான் நல்ல லேசர் என்று மலாயில் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்து, கேட்டுக்கோ தங்கச்சி என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்.

டாக்டர் ஓங் தன் ஆட்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வெளிச்சம் யார் கண்ணிலும் படக்கூடாது, பறவைக் கண்ணிலும் படக்கூடாது, கண் கெட்டுவிடும் என்று. அண்ணன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல் மேகம் கூடியது. கண்ணாடி சும்மா வெறும் கண்ணாடியாகிவிட்டது. மேகமூட்டத்தில் லேசர் எடுபட்டது. நிழலில் சிவப்புப் புள்ளி குங்குமப் பொட்டு மாதிரி நின்றது. வந்தவர்கள் "ரெட் டாட், ரெட் டாட்" என்று குதூகலித்தார்கள். நான் அக்கா பக்கத்தில் நின்று, சிவப்புப் பொட்டு ஒண்ணு தெரியுதுக்கா என்று மெதுவாகக் காதில் போட்டேன். உதவி செய்கிறேன் என்று நினைப்பு.

கால்வாய் ஓரத்தில் ஒரு பெரிய மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. சிவப்பு மூக்கு, நீல இறக்கை, கோழிக்குஞ்சு பெரிசு இருக்கும். டாக்டர் ஓங் சிரித்துக்கொண்டே லேசரை அண்ணன் கையில் கொடுத்து, உன் மனைவிக்கு நீயே காட்டு என்றார். எல்லோரும் வழிவிட்டார்கள். அண்ணன் கறுப்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, பறவைக்கு ஒரு சாண் கீழே குறிவைத்தார். கை மரக்கட்டையாக நின்றது.

"தெரியுதா காளி?"

"தெரியுதுங்க, தெரியுது. செவப்பா, பொட்டு மாதிரி. மேல பறவ உக்காந்திருக்கு. நல்லா தெரியுது."

டாக்டர் ஓங் குனிந்து, பட்டனை இன்னும் அழுத்தவில்லை, அழுத்துங்கள் என்று மலாயில் சொன்னார்.

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. புருஷன் மனம் நோகக் கூடாதென்று அந்த அம்மா சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மெதுவாகப் பட்டனை அழுத்தினார். சிவப்புப் புள்ளி கிளையில் போய் நின்றது. அவர் புள்ளியைப் பார்க்கவில்லை, பறவையைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்தார். அக்கா வேறு மரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

லேசரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் சோற்று மூட்டையைப் பிரித்தார். புளிச்சோற்றில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டார். திரும்பும்போது அக்கா என் முந்தானையைத் தேடிக் கையை நீட்டினார். அந்தக் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். பஸ் லயத்து முக்குக்கு வரும்வரை விடவில்லை.

வந்து இறங்கியதும் அக்கா குளிக்கப் போனார். அண்ணன் என் வாசலுக்கு வந்து, சவரக் கண்ணாடியை என் முன்னால் நீட்டினார்.

"நாந்தான் தங்கச்சி கெடுத்தேன். அன்னிக்கு வெளையாட்டா அவ மூஞ்சியில அடிச்சேன்ல. கண்ணு கெட்டுடும்னு அந்த டாக்டரு சொன்னத நீயும் கேட்டியில்ல."

பாவி, இதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணாடி வருவதற்கு ரொம்ப முந்தியே கண் மங்கிவிட்டது, வீட்டுக்காக மறைத்தார், உங்கள் தோளுக்காக மறைத்தார், நானும் கூட்டு என்றேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பத்து மாசமா நீ முன்னால நடந்தியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டு. எல்லோரும் வரிசையில் நிற்கிறோம், மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். தோட்டத்து வேலையில் இல்லாத ஆள், அண்ணன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேராக நடுவில் வந்து நின்றார்.

"மண்டோர், இன்னிலேருந்து காளியம்மா வேலைக்கு வராது. பேர வெட்டிடுங்க."

"யோசிச்சுப் பேசுப்பா. பேர வெட்டினா வீடு?" என்றார் நல்லசாமி.

"வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

மண்டோர் கடுகடு ஆசாமிதான். அன்றைக்குப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சும்மா நின்றார். கிராணி கார்த்திகேசுதான் வந்து, மாதக் கடைசிவரை வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அக்கா ஆடிய ஆட்டத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒரு வருஷமாகப் பொய் சொன்ன வாய், அன்றைக்கு நியாயம் கேட்டது. யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்றார், எங்கே போய்ப் படுப்பது என்றார், மகள் வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் பறவ காட்றேன். பாக்காம பாத்தேன்னு சொல்றவன அடுத்த நிமிசம் கண்டுபிடிச்சுர்றேன். வீட்டுக்குள்ள எனக்குச் சோறு போடறவ மூஞ்சிய நான் பாக்கலையே காளி. என்னான்னு வெளிய போயி இன்னொருத்தனுக்குக் காட்டுவேன்?"

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் அழுதேன். அந்தப் பக்கம் அவர்கள் அழுதார்களா தெரியாது, சத்தம் வரவில்லை.

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கண்ணில் பூ விழுந்திருக்கிறது, இரண்டிலும் முற்றிப்போயிருக்கிறது என்றார்கள். அண்ணன் முதலில் கேட்டது கண்ணாடி வெளிச்சத்தைப் பற்றித்தான். டாக்டரம்மா அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லியும், வெளியே வந்து என்னிடம் நிஜமாகத்தான் சொன்னாரா என்று இரண்டு தடவை கேட்டார். இடது கண் முத்திய காயாகி ரொம்ப நாளாகிவிட்டது, அதற்குப் பெரிசாக நம்பிக்கை வைக்காதீர்கள், வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது, பேசியது காளியம்மா அக்காவிடம். எனக்குத்தான் சுருக்கென்றது.

மாதக் கடைசியில் சாமான்களை லோரியில் ஏற்றினோம். கோல சிலாங்கூரில் மீன் கடைக்குப் பின்னால் ஒரு பலகை அறை கிடைத்தது. கருவாட்டு வாடை குடலைப் புரட்டும். ஆனால் பின்வாசலில் நின்றால் ஆறு தெரியும், அக்கரையில் மரங்கள் தெரியும். அந்த வாரமே ஆபரேஷன் ஆனது. பிறகு ஆறு வாரம் கழித்து, தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்று போட்டுவிட்டார்கள். சோடா போத்தல் அடியை வெட்டி மாட்டிய மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அக்கா பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது என்று என்னைக் கேட்டார். உங்களுக்கு மட்டுமா, என் மூஞ்சியையும் பாருங்கள் லா என்றேன். பார்த்தார். நீயும் கிழவியாகிவிட்டாய் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அண்ணன் சிரிப்பில் சேரவில்லை. மூலையில் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சுருக்கம் என்று சொல்வதற்குக் கண் வேண்டாமே. விரல் தடவினாலே தெரியும். நானோ கிழவியாகாமல் என்ன செய்வேன்? கண் தெரியாதவர்கூட அதைச் சொல்லிவிடலாம்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து சவரக் கண்ணாடியை எடுத்தார். லேசர் வாங்கித் தருகிறேன் என்று டாக்டர் ஓங் சொன்னதற்கு, இதுவே போதும் என்று சொல்லிவிட்டாராம். வெயிலை வாங்கி, ஆற்றோரத்தில் இருந்த மரத்தின் மேல் அடித்தார். வெளிச்சம் போய் ஒரு கிளையில் உட்கார்ந்தது.

"காளி, அந்தா மீன்கொத்தி. பெரிசு. தெரியுதா?"

நான் பார்த்தேன். கிளையில் மீன்கொத்தியும் இல்லை, மைனாவும் இல்லை. வெறும் கிளை. என்ன செய்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பத்து மாதம் அக்கா காதில் போட்டது போதும் என்று இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

அக்கா கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். உடனே தலையாட்டவில்லை. கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியலையேங்க" என்றார். "அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் கெளதான் இருக்கு."

அக்கா இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் ஏன் இப்பிடி ஆடுது? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே. கை நடுங்குதா ஒங்களுக்கு?"

"ஆமா காளி" என்றார் அண்ணன். "நடுங்குது."